மெட்டும் பட்டாவும்: ஏலமலைச் சரிவின் நிலமாற்றமும் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ திரைப்பிரதியும்

முன்னுரை

தமிழ்த் திறனாய்வில் நிலம் பற்றிய ஆய்வு பெரும்பாலும் இரு தடங்களில் நிகழ்ந்து வருகிறது. ஒன்று, நிலத்தைத் திணையாகக் காண்பது. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்னும் பாகுபாட்டை இக்காலப் பிரதிகளின்மீது பொருத்திப் பார்க்கும் கட்டுரைகள் இவ்வகையின. மற்றொன்று, நிலத்தை இழப்பாகக் காண்பது. வழிவழியாக உழுது வந்த நிலம் கைவிட்டுப் போவதைச் சொல்லும் புதினங்களையும் சிறுகதைகளையும் ‘வேளாண்மையின் வீழ்ச்சி’ என்னும் தலைப்பின்கீழ்த் தொகுத்துரைப்பது இவ்வகையின் இயல்பு. இரண்டும் பயனுடையனவே. எனினும், ஒரு நிலம் யார் பெயரில், எத்தகைய ஆவணத்தில், எந்தப் பயன்பாட்டிற்கென எழுதப்பட்டுள்ளது என்னும் வினாவை இவை பெரும்பாலும் எழுப்புவதில்லை.

இவ்வினாவைத் தவிர்க்கவே இயலாத நிலப்பகுதி ஒன்று தமிழகத்திற்கும் கேரளத்திற்கும் இடையே உள்ளது. தேனி மாவட்டத்துக் கம்பத்திலிருந்து மலையேறிக் கம்பம்மெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்தின் உடும்பன்சோலை வட்டத்திற்குள் செல்லும் ஏலமலைப் பகுதியே அது. இச்சரிவின் வாழ்வைக் காட்டும் படைப்புகளுள், லெனின் பாரதி இயக்கி 2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ என்னும் திரைப்படம் தனித்துக் குறிப்பிடத்தக்கது. இக்கட்டுரை அத்திரைப்படத்தை ஒரு நிலப்பிரதியாக வாசிக்கிறது. அப்படம் நிலமிழந்த உழவனின் கதையன்று. நிலமே இல்லாதிருந்தவன் முதன்முதலாக நில உடைமைக்குள் நுழைய முயன்று தோற்ற கதை என்பது இதன் முதற்கருத்து. அத்தோல்விக்கான காரணங்களுள் பாதியைப் படம் காட்டுகிறது. மறுபாதி மலைமேல் உள்ள ஆவணங்களில் இருக்கிறது. அதைப் படம் பேசவில்லை என்பது இரண்டாவது.

1. மெட்டு என்னும் இடம்

‘மெட்டு’ என்னும் சொல் இவ்வட்டார வழக்கில் மலையேறும் வழியின் உச்சியைக் குறிக்கிறது. அடிவாரத்திலிருந்து ஏறுவோர் நின்று மூச்சு வாங்கும் இடம் அது. மலைமேலிருந்து இறங்குவோர் சமவெளியை முதலில் காணும் இடமும் அதுவே. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மூன்றும் இப்பகுதியில் வண்டிகள் செல்லும் சாலைவழிகள். இவற்றுக்கிடையே மனிதரும் கழுதைகளும் மட்டும் சென்ற நடைவழிகள் பல இருந்தன. எஸ். செந்தில்குமாரின் ‘கழுதைப்பாதை’ என்னும் புதினம் போடிநாயக்கனூர் அடிவாரத்திலிருந்து மலைத்தோட்டங்களுக்குச் சென்ற அத்தகைய சுமைவழியையே தன் களமாகக் கொண்டுள்ளமை ஈண்டு நினைக்கத்தக்கது.

மெட்டின் இருபுறமும் இருவேறு வேளாண் உலகங்கள் உள்ளன. மேற்கே, தென்மேற்குப் பருவமழையில் நனையும் நிழற்காட்டில் ஏலம் விளைகிறது. கிழக்கே கம்பம் பள்ளத்தாக்கு மழைமறைவுப் பகுதி. 1895இல் முல்லைப்பெரியாறு அணை செயற்பாட்டிற்கு வந்தபின் அப்பள்ளத்தாக்கின் ஒரு பகுதி உறுதியான பாசனம் பெற்றது. இன்று 14,707 ஏக்கரில் இருபோக நெல் சாகுபடிக்கு அந்நீர் வழங்கப்படுகிறது. ஆண்டு முழுவதும் காய்க்கும் பன்னீர்த் திராட்சை இப்பள்ளத்தாக்கின் மற்றோர் அடையாளம். அதற்கு 2023இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. ஆனால் வாய்க்கால் நீர் எட்டாத அடிவார மானாவாரி நிலங்கள் இக்கணக்கிற்குள் வாரா. மலைக்கு வேலைக்குச் செல்வோரின் ஊர்கள் பலவும் அத்தகைய நிலங்களை ஒட்டியே அமைந்துள்ளன.

மேற்கே மழையாகப் பெய்து ஏலத்தை வளர்க்கும் அதே காற்று, மெட்டைக் கடந்து கிழக்கே வரும்போது ஈரமிழந்து வெறுங்காற்றாக வீசுகிறது. இக்காற்றை அடிவாரத்து உழவர் பல தலைமுறையாக அறிவர். அது பயிருக்கு உதவாத காற்று. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு ஆகிய கணவாய்களோடு கம்பம் கணவாயும் தமிழகத்தின் காற்றாலை வரைபடத்தில் இடம்பெற்ற பின்னரே அக்காற்றுக்கு விலை ஏற்பட்டது. அவ்விலை யாரைச் சென்றடைந்தது என்பதே திரைப்படத்தின் இறுதிக்காட்சி எழுப்பும் வினா.

2. ஏலமலையின் ஆவண வரலாறு

திரைப்பிரதியை நோக்குமுன் மலைமேல் உள்ள நிலத்தின் வரலாற்றைச் சுருங்கக் காண்பது தேவையாகிறது.

திருவிதாங்கூர் அரசின் காலத்தில் ஏலம் அரசின் தனியுரிமைப் பொருளாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அத்தனியுரிமை கைவிடப்பட்டு, ஏலமலை நிலங்கள் சாகுபடிக்காகத் தனியார்க்கு வழங்கப்பட்டன. 1897இல் ஏலமலைக் காப்புக்காடு பற்றிய அரசறிவிப்பு வெளியாயிற்று. அவ்வறிவிப்பு குறிக்கும் பரப்பு 15,720 ஏக்கரா, இரண்டு இலட்சத்துப் பதினைந்தாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்டதா என்பது இன்றளவும் வழக்கிலுள்ள சிக்கல். 2002இல் உச்ச நீதிமன்றத்திற்குச் சென்ற இவ்வழக்கில், 2024 அக்டோபரில், ஏலமலைப் பகுதியில் புதிய பட்டாக்கள் வழங்குவதற்கும் நிலத்தை வணிகப் பயன்பாட்டிற்கு மாற்றுவதற்கும் இடைக்காலத் தடை விதிக்கப்பட்டது. நிலம் வருவாய்த்துறையின் பொறுப்பிலும், அதே நிலத்தின்மேல் நிற்கும் மரங்கள் வனத்துறையின் பொறுப்பிலும் இருந்து வருவது இப்பகுதியின் தனித்தன்மை. ஒரே ஏக்கர் ஓர் ஏட்டில் காடாகவும் மற்றோர் ஏட்டில் தோட்டமாகவும் இருக்கிறது.

இரண்டாவது கட்டம் குடியேற்றத்தினுடையது. இரண்டாம் உலகப்போர்க் கால உணவுப் பற்றாக்குறையின்போது உணவுப்பயிர் பெருக்கும் நோக்கில் மலைநிலங்கள் சாகுபடிக்குத் திறந்துவிடப்பட்டன. 1950களில் அரசே முன்னின்று குடியேற்றத் திட்டங்களை நடத்தியது. கல்லார்ப் பகுதியில் பட்டம் தாணுபிள்ளையின் பெயரால் அமைந்த ‘பட்டம் காலனி’ அவற்றுள் ஒன்று. மொழிவழி மாநில அமைப்பு பற்றிய பூசல் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களை மையமிட்டு எழுந்திருந்த காலம் அது. எனவே அக்குடியேற்றம் வேளாண் திட்டம் மட்டுமன்று, மக்கள்தொகைத் திட்டமுமாகும் என்னும் கருத்தைத் தமிழக ஆய்வாளர்கள் பலர் முன்வைத்துள்ளனர். தாழ்நிலக் கேரளத்திலிருந்து நிலமின்றி வந்த ஏழை உழவர்களின் துயரமும் உழைப்பும் அக்குடியேற்றத்தில் உண்டு என்பதையும் உடன் சொல்லுதல் நேர்மை.

மூன்றாவது கட்டம் நிலச்சீர்திருத்தத்தினுடையது. 1963ஆம் ஆண்டின் கேரள நிலச்சீர்திருத்தச் சட்டம், அதன் 1969ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு 1970 முதல் முழுவீச்சில் நடைமுறைக்கு வந்தது. குத்தகை உழவர்க்கு நிலவுரிமை வழங்கியதில் இந்தியாவிற்கே முன்மாதிரியாகப் பேசப்படும் சட்டம் அது. ஆனால் தேயிலை, காப்பி, இரப்பர், ஏலம் முதலிய தோட்டப்பயிர் நிலங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்களிக்கப்பட்டது. இவ்விலக்கின் விளைவு கூர்ந்து நோக்கத்தக்கது. வயலில் குத்தகைக்கு உழுதவர் நிலவுடைமையாளரானார். தோட்டத்தில் கூலிக்கு உழைத்தவர் கூலியாளாகவே நின்றார். நிலம் ஏலத்தோட்டமாக இருக்கும்வரை அது பிரித்தளிக்கப்படாது. பயிரே உடைமைக்குக் காவலாயிற்று.

நான்காவது கட்டம் நம் காலத்தினது. ‘ஞள்ளானி’ என்னும் உயர்விளைச்சல் வகை பரவியபின் ஏலம் நிழற்காட்டுப் பயிர் என்னும் நிலையிலிருந்து தீவிர இடுபொருள் வேளாண்மையாக மாறியது. நிழல்மரங்கள் கழிக்கப்பட்டன, உரமும் பூச்சிக்கொல்லியும் பெருகின. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலமையத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய்க்கு விலைபோனது. 2024 கோடையின் வறட்சியில் தோட்டங்கள் பரவலாகக் காய்ந்தன. இன்னொரு புறம், வேளாண்மைக்கென வழங்கப்பட்ட பட்டா நிலங்களில் விடுதிகளும் கடைகளும் எழுந்தன. அத்தகைய மாற்றங்களை முறைப்படுத்த வழிசெய்யும் சட்டத்திருத்தத்தைக் கேரளச் சட்டமன்றம் 2023இல் நிறைவேற்றியது.

இந்நான்கு கட்டங்களிலும் நிலப்பயன்பாடு மாறிக்கொண்டே வந்துள்ளது. ஆயினும் ஒன்று மாறவில்லை. காலையில் ஏறி மாலையில் இறங்கும் தொழிலாளியின் பெயர் எக்கட்டத்தின் ஏட்டிலும் இல்லை. மலைமேலேயே குடியிருக்கும் தமிழரும், தோட்டம் உடைய கம்பம், போடிப் பகுதித் தமிழரும் இம்மலையில் உண்டு. ஆகவே இதனைத் தமிழர் மலையாளி எனப் பிரித்துக் கூறுவது முழுமையாகாது. பிரிவுக்கோடு மொழியின்மேல் செல்வதைவிட அந்தியில் மலையில் தங்குவோர்க்கும் இறங்குவோர்க்கும் இடையேதான் அழுத்தமாகச் செல்கிறது.

3. இறங்கிவிடும் உழைப்பு

மலைத்தோட்டத் தொழிலாளரைப் பற்றித் தமிழில் பெரிதும் பேசப்பட்ட பிரதி ‘எரியும் பனிக்காடு’. பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதியதை இரா. முருகவேள் தமிழாக்கினார். ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களின் கதை அது. அங்கே தொழிலாளர் மலைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, வரிசைக் குடியிருப்புகளில் அடைக்கப்பட்டு, கடனால் கட்டுண்டு, கீழிறங்க முடியாதவராகின்றனர். ‘இறங்க முடியாமை’யே அப்புதினத்தின் அவலம்.

‘மேற்குத் தொடர்ச்சி மலை’ இதற்கு நேர்மாறான இயக்கத்தைக் கொண்டது. ஏலம், நாள்தோறும் பறிக்கப்படும் தேயிலை போன்றதன்று. ஆடி, ஆவணியில் தொடங்கித் தை, மாசிவரை சுற்றுச்சுற்றாகப் பழம் எடுக்கப்படுகிறது. எனவே ஆண்டு முழுவதும் ஆளைக் குடியமர்த்திக் காக்கும் கட்டாயம் தோட்டக்காரர்க்குக் குறைவு. அடிவாரத்து ஊர்களிலிருந்து வேண்டும்போது ஆளெடுத்துக்கொள்ளலாம். முன்னர் நடந்தும் இப்போது ஜீப்புகளில் நெருக்கியமர்ந்தும் பெண்கள் மலையேறுகின்றனர். இங்குள்ள அவலம் நாள்தோறும் ‘இறங்கிவிட நேர்வது’. இறங்கிவிடுவதால் மலைமேல் அவர்களுக்குக் குடியிருப்பு இல்லை, குடும்ப அட்டை இல்லை, வாக்குரிமை இல்லை. அறுபது ஆண்டுகள் ஏறியிறங்கினாலும், குடியிருந்தமையால் விளையும் உரிமை எதுவும் விளையாது.

திரைப்படத்தின் முற்பகுதி இவ்வியக்கத்தையே தன் அமைப்பாகக் கொண்டுள்ளது. இருள் பிரியுமுன் ரங்கசாமி புறப்படுகிறான். வழியில் சிலர் சேர்கின்றனர். ஏற்றமும் இளைப்பாறலும் பேச்சும் தேநீர்க்கடையுமாகக் காட்சிகள் நீள்கின்றன. கதை எனத்தக்க நிகழ்ச்சி நெடுநேரம் தொடங்குவதில்லை. இதனைப் படத்தின் தொய்வாகக் கூறுவோர் உளர். அது பொருந்தாது. நடையே இம்மக்களின் வாழ்வாகவும் ஊதியமாகவும் இருக்கும்போது, நடையைச் சுருக்கிக் காட்டுவது அவர்கள் உழைப்பில் பாதியைக் கணக்கிலிருந்து நீக்குவதாகும். தேனி ஈஸ்வரின் ஒளிப்பதிவு மலையை அழகுக்காட்சியாக்காமல் ஏறவேண்டிய உயரமாகக் காட்டுவதும் இந்நோக்கத்திற்கு இயைந்ததே.

முதுமையிலும் சுமை தூக்குவதைத் தன் பெருமையாகக் கொண்ட வனகாளி என்னும் பாத்திரத்தின் முடிவு, இவ்வுழைப்பு எங்கே சென்று முடியும் என்பதை ரங்கசாமிக்கு முன்கூட்டிக் காட்டிவிடுகிறது. உடல் தளரும்வரை மட்டுமே இத்தொழிலில் இடம் உண்டு. அவன் நிலம் வாங்க விழைவதன் பொருள் இங்கே துலங்குகிறது. உழவின்மீதுள்ள பற்றைவிட, உடல் தளர்ந்தபின்னும் நிற்கக்கூடிய ஓரிடத்தின் தேவையே அவ்விழைவில் மிகுதி.

4. வாங்கிய நிலம்

ரங்கசாமியின் நிலவேட்கை மலையை நோக்கியதன்று. நாள்தோறும் தான் உழைக்கும் ஏலமலையில் ஒரு சென்ட் நிலம் வாங்கவேண்டுமென அவன் எண்ணுவதில்லை. அடிவாரத்திலேயே நிலம் தேடுகிறான். இதனைப் படம் இயல்பானதாகவே காட்டிச் செல்கிறது. மேலே கண்ட ஆவண வரலாற்றை அறிந்தோர்க்கு இவ்வியல்பின் பின்னுள்ள தடை தெரியும். மலைநிலம் குத்தகையாகவும் குடியேற்ற ஒதுக்கீடாகவும் உச்சவரம்பு விலக்குப் பெற்ற தோட்டமாகவும் முன்னரே பங்கிடப்பட்டுவிட்டது. அவன் கண்முன் உள்ள நிலமே அவன் எண்ணத்திற்கும் அப்பாற்பட்டதாகிவிட்டது. விரும்புவதற்குக்கூட இடந்தராத வேலி அது.

நிலம் வாங்க அவன் எடுக்கும் முதல் முயற்சி கைகூடுவதில்லை. பின்னர்ச் சேர்த்த பொருளைக்கொண்டு ஏலக்காய் வாங்கிச் சுமந்து வரும்போது மூட்டை பள்ளத்தில் விழுந்து சிதறுகிறது. இக்காட்சியைத் தற்செயலான விபத்து என்று மட்டும் கொள்ளலாகாது. பிறர் மூட்டையைச் சுமந்தவரை அவனுக்கு இழப்பில்லை, கூலிதான் உண்டு. தன் மூட்டையைச் சுமக்கத் தொடங்கியதும் இழப்பின் முழுச்சுமையும் அவன்மேல் விழுகிறது. கூலியாள் உடைமையாளனாக மாறும் இடைவெளியில் அவனைத் தாங்கும் அமைப்பு எதுவும் இல்லை என்பதை உரையாடலின்றி உணர்த்தும் காட்சி அது.

இறுதியில் பிறர் கைகொடுக்க அவன் நிலம் பெறுகிறான். ஈஸ்வரியோடு இல்லறமும் அமைகிறது. நிலம் கைக்கு வந்த பின்னரே கடனும் வருகிறது. விதையும் உரமும் கடனாகப் பெறப்படுகின்றன, விளைச்சல் பொய்க்கிறது. நிலமில்லாதிருந்தபோது அவனுக்குக் கடன் கொடுக்க எவரும் முன்வந்திரார். பட்டா அவனைக் கடன்பெறத் தகுதியுடையவனாக்கியது. அத்தகுதியே பட்டாவை விழுங்கியது. நிலமிழந்த உழவரைப் பற்றிய பிரதிகளிலிருந்து இப்படம் வேறுபடுவது இங்கேதான். அவற்றில் பழமையான ஒரு வேளாண் வாழ்வு சிதைகிறது. இதில் சிதைவதற்குப் பழமை எதுவும் இல்லை. நவீன நிலச்சந்தைக்குள் நுழைந்த முதல் தலைமுறை நுழைவாயிலிலேயே வீழ்த்தப்படுகிறது.

இதனோடு மலைமேல் நிகழும் மாற்றம் இணைகிறது. சாலை வருகிறது. வண்டி வந்தபின் சுமைகாரர் தேவையற்றவராகின்றனர். தொழிற்சங்கத் தோழர் சாக்கோ, சாலையை எதிர்ப்பவராகவன்றி, சாலையால் வேலையிழப்போர்க்கு என்ன வழி என்று வினவுபவராகவே அமைகிறார். தமிழ்த் தொழிலாளருக்காக நிற்கும் மலையாளப் பெயருடைய இப்பாத்திரம், இச்சிக்கலை இனப்பூசலாகக் குறுக்கும் வாசிப்பைத் தடுத்து நிறுத்துகிறது. சங்கத்தின் மேல்மட்டமும் தோட்ட முதலாளியும் இணங்கிப்போன நிலையில் எழும் சினம் கொலையிலும் சிறையிலும் முடிகிறது. ரங்கசாமி திரும்பி வரும்போது நிலம் கடனுக்காகக் கைமாறும் நிலையில் இருக்கிறது. உரக்கடன் தந்தவர் காற்றாலைக்கு நிலம் சேர்ப்பவராகிவிட்டார். தன் நிலத்தில் எழுந்த காற்றாலைக்கு ரங்கசாமி காவலாளியாகிறான். படக்கருவி மேலெழ, அவன் சிறுத்துப் புள்ளியாக, எண்ணற்ற காற்றாலைகள் விரிகின்றன.

இவ்விறுதிக்காட்சியில் அவன் மீண்டும் கூலியாள். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சுமைகாரனாக இருந்தபோது நிலத்தின் விளைச்சலோடு அவன் உடலுக்குத் தொடர்பு இருந்தது. காற்றாலை வேலையாள் வேண்டாத விளைச்சல். காவலாளி மட்டுமே அதற்குத் தேவை. பயன்பாட்டு மாற்றம் நிலத்திலிருந்து பயிரை மட்டும் அகற்றவில்லை, உழைப்பையே அகற்றிவிட்டது.

5. திணைக் கோட்பாடும் மெட்டும்

இத்தகைய பிரதியைக் குறிஞ்சித்திணைப் படைப்பு என வகைப்படுத்துவது எளிது. மலை, தேன், யானை, மழை எனக் கருப்பொருள்களை அடுக்கவும் இயலும். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்னும் இளங்கோவடிகளின் கருத்தை நினைவுகூர்ந்து, காற்றாலை நிலத்தைப் பாலை என முடிப்பதும் நம் கட்டுரை மரபில் வழக்கமானதே. ஆனால் இளங்கோ கூறும் திரிபு வெயிலால் நிகழ்வது. பருவம் மாறினால் மீளக்கூடியது. ஏலமலைச் சரிவின் திரிபு பத்திரப்பதிவால் நிகழ்வது. பருவம் மாறினால் மீளாது. இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பது மனிதர் செய்த மாற்றத்தை இயற்கையின் கணக்கில் எழுதுவதாகும்.

திணைகள் மயங்குதலை ஏற்கும் தொல்காப்பியம், நிலங்கள் ஒருங்கு மயங்குதல் இல்லை என வரையறுக்கிறது. இவ்விதியை இன்றைய ஏலமலையோடு வைத்து எண்ணினால் ஓர் உண்மை புலப்படும். இங்கே மயங்கியிருப்பது நிலமேதான். காடும் தோட்டமும் ஒரே ஏக்கரில் மயங்கியுள்ளன. இம்மயக்கம் இயற்கையில் இல்லை. இரு துறைகளின் ஏடுகளில் உள்ளது. எனவே இந்நிலம் பற்றிய திறனாய்வு கருப்பொருள் பட்டியலோடு நின்றால், முதற்பொருளே ஐயத்திற்குரியதாக இருப்பதைக் காணாது போகும்.

கம்பம்மெட்டிலிருந்து வடக்கே இராமக்கல்மேட்டில் குறவன் குறத்தி சிலையொன்று சுற்றுலாப் பயணிகளுக்காக நிறுவப்பட்டுள்ளது. அதன் அருகேயும் காற்றாலைகள் சுழல்கின்றன. கீழே கம்பம் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கிறது. குறிஞ்சி மாந்தர் சிலையாகிப் பார்வைக்குரியவராயினர். அம்மலையின் பளியர், மன்னான், முதுவர் ஆகியோர் தம் காட்டுரிமைக்காக அலுவலகங்களில் காத்திருக்கின்றனர். திணைப்பெயரை மட்டும் கொண்டு நிலத்தைப் போற்றும் திறனாய்வு இச்சிலையைச் செய்தவர் நோக்கிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று.

இவ்விடத்தில் தமிழ்த்துறைகள் தம்மையே வினவிக்கொள்ளுதல் தகும். இம்மலைத்தொடரின் எல்லையில் உள்ள மங்கலதேவி கோட்டத்தைப் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் கண்ணகி கோட்டமாக அடையாளங்கண்ட நாள்தொட்டு, நம் புலமை அம்மலையை ஆர்வத்தோடு நோக்கி வருகிறது. சித்திரை முழுநிலவில் ஆண்டுதோறும் மலையேறும் வழியைப் பற்றி நூல்கள் பல எழுதியுள்ளோம். நாள்தோறும் மலையேறும் வழிகளைப் பற்றி எழுதியது மிகக் குறைவு. அக்குறையை ஒரு திரைப்படம் நிரப்பியது என்பது அப்படத்திற்குப் பெருமை, நமக்கு அன்று.

6. பிரதியின் எல்லை

இப்படத்தின் குறைகளையும் சுட்டுதல் திறனாய்வின் கடமை. முதலாவது, முன்னர்ச் சுட்டியவாறு, மலைநிலத்தின் உடைமை வரலாறு படத்திற்குள் வரவில்லை. மலைமேல் ஒரு முதலாளி இருக்கிறார் என்பதோடு நின்றுவிடுவதால், தோட்டவுடைமை தனிமனிதப் பண்பாகத் தோன்றுகிறது. சட்டத்தால் காக்கப்படும் அமைப்பாகத் தோன்றவில்லை. அம்முதலாளி கொலையுண்டபின்னும் நிலவுறவில் எதுவும் மாறாதது ஏன் என்னும் வினாவிற்கான விடை அவ்வமைப்பில்தான் உள்ளது. படம் அவ்விடையின் அருகில் வந்து விலகிவிடுகிறது.

இரண்டாவது, ரங்கசாமியின் வீழ்ச்சி மூட்டை சிதறுதல், விளைச்சல் பொய்த்தல், சிறை எனத் தொடர்ந்த இடர்களால் அமைகிறது. இவற்றுள் சிலவற்றின் சமூகப்பொருளை மேலே விளக்கினோம். ஆயினும் இடர்களின் மிகுதி, பார்வையாளரிடத்தில் ‘விதி’ என்னும் உணர்வையும் எழுப்பவல்லது. சிறைசெல்லாத ரங்கசாமிகளும் நிலத்தை இழந்திருக்கின்றனர் என்பதே உண்மையில் கூடுதல் கொடுமை. அதனைக் காட்டக் கொலை தேவைப்பட்டிராது.

மூன்றாவது, ஏலத்தோட்ட உழைப்பில் பெரும்பகுதி பெண்களுடையது. குனிந்து, செடியின் அடியில் படரும் சரத்திலிருந்து முற்றிய காயை மட்டும் தெரிந்தெடுக்கும் நுட்பம் அவர்களுடையது. படத்தில் ஈஸ்வரியின் உழைப்பு குடும்பத்தைத் தாங்கும் பொறுமையாகக் காட்டப்படும் அளவிற்குத் தொழில்நுட்பமாகக் காட்டப்படவில்லை. நிலம் ஆணின் கனவாகவும் கடன் பெண்ணின் சுமையாகவும் பிரிக்கப்படும் வழக்கமான அமைப்பிலிருந்து பிரதி முற்றும் விடுபடவில்லை.

இவ்வெல்லைகளுக்கு அப்பாலும், படம் வெளிவருவதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவை இப்படத்தின் கூர்மையை உறுதிசெய்கின்றன. 2011 திசம்பரில் முல்லைப்பெரியாற்றுப் பூசலின்போது அச்சத்தால் தமிழ்த் தொழிலாளர் மலையிலிருந்து இறங்கினர். படம் வெளிவந்தபின், 2020இல் பெருந்தொற்றால் எல்லை மூடப்பட்டபோது மலையேற முடியாது நின்றனர். முதலாவதில் இறங்க நேர்ந்தது. இரண்டாவதில் ஏறத் தடை. இருமுறையும் தோட்டங்கள் ஆளின்றித் தவித்தன. ஆனால் ஆளுக்கு உரிமையுண்டு என்னும் முடிவு இருமுறையும் எட்டப்படவில்லை. இன்று சார்க்கண்டு, மத்தியப்பிரதேசம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளரும் ஏலத்தோட்டங்களில் உழைக்கின்றனர். அவர்கள் மாலையில் இறங்கக்கூடிய அடிவாரமும் அருகில் இல்லை.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. கம்பம்மெட்டை ஒட்டிய ஏலமலைச் சரிவில் நிலப்பயன்பாடு காட்டிலிருந்து ஏலத்திற்கும், உணவுப்பயிர்க் குடியேற்றத்திற்கும், தீவிர ஏலச் சாகுபடிக்கும், விடுதிக்கும் காற்றாலைக்குமாக மாறி வந்துள்ளது. ஒவ்வொரு மாற்றமும் புதிய ஆவணத்தை உண்டாக்கியது. எந்த ஆவணமும் ஏறியிறங்கும் உழைப்பாளியைக் கணக்கில் கொள்ளவில்லை. ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ அவ்வுழைப்பாளியின் நடையையும் நிலவேட்கையையும் தமிழ்ப் படைப்புலகில் நிலைநிறுத்தியது. நிலத்தைப் பண்டைப் பெருமையாகவன்றி ஒருவன் முதன்முதலாகப் பெற முயலும் உரிமையாகக் காட்டியமை அதன் தனிச்சிறப்பு. மலைமேலுள்ள உடைமையின் சட்ட வரலாற்றைத் தொடாதமை அதன் எல்லை.

அவ்வெல்லையைக் கடப்பது படைப்பாளியின் பணி மட்டுமன்று. நிலத்தைப் பாடிய இலக்கிய மரபையுடைய மொழியின் ஆய்வாளர்கள் பட்டாவையும் ஒரு பிரதியாக வாசிக்கக் கற்றல் வேண்டும். குடியேற்ற ஏடுகளும் நிலவுரிமைச் சட்டங்களும் நீதிமன்ற ஆணைகளும், அடிவாரத்து மூத்த சுமைகாரர்களின் வாய்மொழியும் அருகருகே வைத்து ஆராயப்படுதல் வேண்டும். அந்தச் சுமைகாரர்களில் பெரும்பாலோர் முதுமையின் எல்லையில் உள்ளனர். அவர்கள் நடந்த வழிகள் பல புதர்மூடிவிட்டன. வாய்மொழியும் மறையுமுன் அதனைப் பதிவு செய்யும் கள ஆய்வைக் கம்பம், தேவாரம், போடி ஆகிய பகுதிகளின் கல்லூரித் தமிழ்த்துறைகள் மேற்கொள்ளுதல் உடனடித் தேவையாகும்.